விலக்கும் ஒரு வரியே: பிரித்தானிய இந்தியாவின் இறக்குமதித் தீர்வைப் பட்டியல் குறித்த கருத்துரை

முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பது வழங்குபெயர். கலிங்க வெற்றிக்கு நிகராக இப்பெயரும் தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பண்டங்களின் மீது புலிப்பொறி இட்டு உல்கு கொண்ட காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. திருக்குறள் உல்குபொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. உல்கு கொள்வது வேந்தனின் உரிமை, அதனை விடுப்பது அவனது அருள் என்ற எண்ணம் தமிழ் மரபில் இவ்வாறு ஆழ வேரூன்றியுள்ளது. இம்மரபின் சாயல் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றிய இன்றைய தமிழ் ஆய்வெழுத்திலும் படிந்திருப்பது கருதத்தக்கது. 'பருத்தித் துணிக்குத் தீர்வையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது' என்றொரு தொடர் எழுதப்படும்போது, விலக்கு என்னும் சொல் அருளின் மணத்தைத் தன்னோடு கொண்டுவந்துவிடுகிறது. யாருக்கு அருளப்பட்டது, அதன் விலையை யார் கொடுத்தனர் என்ற வினாக்கள் அத்தொடருக்குள் எழுவதில்லை.

செலவு குறையாத ஓர் அரசு ஒரு பண்டத்தின் மீதுள்ள தீர்வையை விடுக்குமானால், அத்தொகை வேறொரு பண்டத்தின் மீதோ வேறொரு மக்கட்பிரிவின் மீதோ சென்று அமர வேண்டும். பிரித்தானிய இந்தியாவில் 1859 முதல் 1896 வரை இயற்றப்பட்ட இறக்குமதித் தீர்வைச் சட்டங்களை இந்நோக்கில் படிக்கும்போது, தீர்வை விதிக்கப்பட்ட பண்டங்களின் அட்டவணையைக் காட்டிலும் விலக்குப் பெற்றவற்றின் பட்டியலே ஆட்சியின் உள்ளக்கிடக்கையை வெளிப்படையாகக் காட்டுகிறது. எனினும் தமிழகத்து நெசவுத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 'ஆங்கிலேயர் வரி விதித்து நெசவை அழித்தனர்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றனர். அவ்வாக்கியம் முழுப்பொய் அன்று. ஆயினும் காலத்தையும் இடத்தையும் பிரித்தறியாத வாக்கியம். வரியினால் விளைந்தது எது, வரியின்மையால் விளைந்தது எது என்று அது வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

கடல்வாயிலும் உள்நாட்டுச் சாவடியும்

கும்பினி ஆட்சியின் பிற்பகுதியில் நெசவாளரை வருத்திய வரிகள் பெரும்பாலும் துறைமுகத்தில் பெறப்பட்டவை அல்ல. வங்காளத்து நிலையை எல்லன்பரோ பிரபு 1835இல் எடுத்துரைத்த கணக்கு பலமுறை எடுத்தாளப்பட்டது: இங்கிலாந்திலிருந்து வந்த பருத்தித் துணி நூற்றுக்கு 2.5 விழுக்காடு செலுத்தி உள்ளே நுழைந்தது. இந்தியத் துணியோ பஞ்சாக இருந்தபோது 5, நூலானபோது 7.5, துணியானபோது 2.5, சாயம் ஏறியபோது மீண்டும் 2.5 என 17.5 விழுக்காடு வரை உள்நாட்டுச் சாவடிகளில் செலுத்த நேர்ந்தது. சார்லஸ் திரெவெல்யனின் அறிக்கையைத் தொடர்ந்து வங்காளத்தில் 1836இல் உள்நாட்டுச் சுங்கம் ஒழிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 'சாயர்' என வழங்கிய இவ்வரி 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்தால்தான் நீங்கியது.

அதன் பின்னரும் தறியின் மீது விதிக்கப்பட்ட மோதர்பா வரி தொடர்ந்தது. சென்னைச் சுதேசி சங்கத்தார் 1852இல் பிரித்தானியப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இவ்வரியும் ஒரு முறையீடாக இடம்பெற்றது. அந்நாளில் ஆங்கிலத் துணிக்கு இறக்குமதித் தீர்வை 5 விழுக்காடு. பிற நாட்டுத் துணிக்கு அதன் இருமடங்கு. காஞ்சிபுரத்து நெசவாளன் தன் வீட்டுத் தறிக்கு வரி செலுத்தினான். மான்செஸ்டர் ஆலைக்காரர் தம் விசைத்தறிக்கு இத்தகைய வரி எதுவும் செலுத்தவில்லை. ஆகவே 1844க்கு முன்னும் அதனையொட்டிய காலத்திலும் 'வரியால் நெசவு நலிந்தது' என்ற கூற்று பொருந்தும். அதே கூற்றை 1880களுக்கு நீட்டுவதுதான் பிழை. அக்காலத்தில் இறக்குமதித் துணிக்கும் வரி இல்லை, உள்நாட்டுத் துணிக்கும் வரி இல்லை. அப்படியாயின் சுமை எங்கே சென்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பனிக்கட்டியும் புத்தகமும் பெற்ற சலுகை

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவு அரசின் கருவூலத்தைக் கடனில் ஆழ்த்தியது. அதனை ஈடுசெய்ய 1859ஆம் ஆண்டின் 7ஆம் சட்டம் பொதுத் தீர்வையை 10 விழுக்காடாக உயர்த்தியது. ஆடம்பரப் பண்டங்களுக்கு 20 விழுக்காடு, பருத்தி நூலுக்கு 5 விழுக்காடு என வகுத்தது. ஆங்கிலப் பண்டம், அயல்நாட்டுப் பண்டம் என்ற வேறுபாடும் அச்சட்டத்தோடு மறைந்தது. மறு ஆண்டே நிதி உறுப்பினராக வந்த ஜேம்ஸ் வில்சன் 20 விழுக்காட்டை 10ஆகக் குறைத்து, நூலையும் 10க்கு உயர்த்தி ஒரே வீதத்தை நிறுவினார். வருமான வரியையும் புகுத்தினார். அவ்வரியை வெளிப்படையாக எதிர்த்ததற்காகச் சென்னை ஆளுநர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர், உள்நாட்டுச் சுங்கத்தை ஒழிக்க முன்னின்ற அதே திரெவெல்யன் என்பது வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று.

அக்காலத்து விலக்குப் பட்டியலில் பொன், வெள்ளிக் கட்டிகளும் நாணயங்களும், முத்தும் மணிக்கற்களும், தானியமும், குதிரை முதலிய உயிருள்ள விலங்குகளும், நிலக்கரியும், புத்தகங்களும், பனிக்கட்டியும் இடம்பெற்றிருந்தன. பனிக்கட்டி என்ற பதிவு இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பிரடெரிக் டியூடரின் முதற்கப்பல் 1833இல் கல்கத்தாவை அடைந்தபோதே, அதற்குத் தீர்வையை விடுத்ததோடு வெப்பத்தில் உருகாதிருக்க இரவில் சரக்கிறக்கவும் சுங்க அதிகாரிகள் இசைவளித்தனர். சென்னைக் கடற்கரையில் அவ்வணிகத்துக்கென எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஆங்கிலேயக் குடியிருப்புகளின் விருந்து மேசைக்கு வந்த பனிக்கட்டிக்குத் தீர்வை இல்லை; எளியோர் கூழுக்கு இட்ட உப்புக்குத் தீர்வை உண்டு. இவ்வொன்றை மட்டும் வைத்துப் பட்டியல் முழுவதையும் எடைபோடுவது முறையன்று. நிலக்கரிக்கும் தானியத்துக்கும் அளிக்கப்பட்ட விலக்குக்குப் பொருளாதார நியாயம் உண்டு. புத்தகத்துக்கு அளிக்கப்பட்ட விலக்கையும் குறைகூற முடியாது. ஆயினும் தமிழில் நூல் என்னும் ஒரே சொல் இழையையும் ஏட்டையும் குறிப்பது. 1860ஆம் ஆண்டுச் சுங்கச் சாவடியில் ஒரு நூலுக்குத் தீர்வை 10 விழுக்காடு, மற்றொரு நூலுக்கு ஒன்றும் இல்லை.

வில்சன் மறைந்தபின் சாமுவேல் லேயிங் 1862இல் துணிக்கான தீர்வையை 5 விழுக்காடாகவும் நூலுக்கானதை 3.5 விழுக்காடாகவும் குறைத்தார். ஏனைய பண்டங்களுக்கு 10 விழுக்காடு நீடிக்க, பருத்திக்கு மட்டும் பாதியும் அதற்குக் கீழும். விலக்கு என்ற பெயர் இல்லாத விலக்கு இது. பிற்காலத்துப் போராட்டத்தின் வித்து இங்கே விழுந்துவிட்டது.

முப்பதாம் எண் நூல்

பம்பாயில் ஆலைகள் பெருகத் தொடங்கியதும் லங்காஷயர் ஆலைக்காரர் விழித்துக்கொண்டனர். மான்செஸ்டர் வணிகர் மன்றம் 1874இல் முறையீடு அனுப்பியது. 5 விழுக்காடு என்பது பெயரளவில்தான் வருவாய்த் தீர்வை. உண்மையில் அது பம்பாய் ஆலைகளுக்குக் காப்புச்சுவர் என்பது அவர்கள் வாதம். தீர்வைக்கு அடிப்படையான மதிப்பீட்டு அட்டவணையில் பழைய உயர்ந்த விலைகளே நிற்பதால், செலுத்தும் தொகை 5 விழுக்காட்டையும் தாண்டுகிறது என்பது மற்றொரு வாதம். இரண்டாவது வாதத்தில் உண்மை இருந்தது. மதிப்பீட்டைத் திருத்தினால் அக்குறை தீர்ந்துவிடும். முதல் வாதமோ தீர்வையையே நீக்கினாலன்றித் தீராதது.

நார்த்புருக் பிரபுவின் அரசு 1875இல் பொதுத் தீர்வையை 7.5இலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தது. துணித் தீர்வையைக் கைவிட மறுத்தது. பம்பாய் ஆலைகள் அயல்நாட்டு நீள்இழைப் பஞ்சைக் கொண்டு மெல்லிய நூல் நூற்றுவிடக் கூடாதென்று அப்பஞ்சுக்கு 5 விழுக்காடு தீர்வையும் விதித்தது. இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த சாலிஸ்பரி பிரபு இதனால் நிறைவடையவில்லை. நார்த்புருக் 1876இல் பதவி விலக, லிட்டன் பிரபு வந்தார். 1877 ஜூலையில் பொதுமக்கள் அவை, இந்திய நிதிநிலை இடங்கொடுத்தவுடன் பருத்தித் தீர்வைகள் நீக்கப்பட வேண்டுமெனத் தீர்மானித்தது.

இந்திய நிதிநிலை இடங்கொடுத்த நேரமா அது? தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய காலம். வெள்ளியின் விலை சரிந்து ரூபாயின் மதிப்பு வீழ்ந்துகொண்டிருந்த காலம். அடுத்து ஆப்கானியப் போரும் வந்தது. அத்தகைய நேரத்தில் 1878இல் சில முரட்டுத் துணிவகைகளுக்குத் தீர்வை விடுக்கப்பட்டது. 1879 மார்ச்சில் 30ஆம் எண்ணுக்கு மேற்படாத நூலால் நெய்த துணிகள் அனைத்தும் விலக்குப் பட்டியலில் சேர்ந்தன. லிட்டன் தம் நிருவாகக் குழுவின் பெரும்பான்மையை மீறி, தம் தனி அதிகாரத்தால் இதனைச் செய்தார்.

எண் என்பதன் பொருளை இங்கு விளக்குவது தகும், ஏனெனில் ஒரு சட்டம் எவ்வாறு இழையளவில் இயங்கியது என்பதை இது காட்டும். 840 கெஜம் நீளமுள்ள ஒரு சிட்டத்தை அலகாகக் கொண்டு, ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருமோ அதுவே அந்நூலின் எண். தமிழக நெசவாளர் வழக்கில் இது 'நம்பர்'. எண் ஏற ஏற நூல் மெலியும். பம்பாய் ஆலைகள் அந்நாளில் பெரும்பாலும் 20ஆம் எண்ணும் அதற்குக் கீழ்ப்பட்டதுமான தடித்த நூலையே நூற்றன. ஆகவே போட்டி நிலவிய முரட்டுத் துணிக்கு விலக்கு, போட்டியே இல்லாத மெல்லிய துணிக்குத் தீர்வை என்ற கோடு வரையப்பட்டது. தீர்வையின் நோக்கம் வருவாய் எனில் இக்கோட்டுக்குப் பொருளில்லை. பம்பாய் ஆலை எங்கே லங்காஷயருக்கு எதிர்நின்றதோ அங்கே சரியாக எல்லை குறித்தது விலக்கு.

அக்கோடும் நிலைக்கவில்லை. லங்காஷயர் ஆலைகள் சற்று மெல்லிய நூலால் நெய்து வந்த வகைகளை 30ஆம் எண்ணுக்குள் அடங்குமாறு மாற்றி நெய்து தீர்வையின்றி அனுப்பின. தீர்வை செலுத்திய துணிகளின் அளவு சுருங்கிற்று. இருபத்தொன்பதுக்கு விலக்கு, முப்பத்திரண்டுக்குத் தீர்வை என்று எத்தனை நாள் பிரித்துக்கொண்டிருப்பது என்ற வாதமே முழு விலக்குக்கு வழிவகுத்தது. 1882 மார்ச்சில் நிதி உறுப்பினர் ஈவ்லின் பேரிங் உப்பு, மது, படைக்கலம், அபினி தவிர்ந்த ஏறத்தாழ எல்லாப் பண்டங்களின் இறக்குமதித் தீர்வையையும் நீக்கினார். பட்டியல் தலைகீழாயிற்று: முன்னர் விலக்குப் பெற்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை, இப்போது தீர்வை செலுத்துபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதனைப் பேரரசின் பொதுக் கொள்கை என்று சமாதானம் கூறுவோர் கனடாவை நோக்க வேண்டும். இந்தியாவில் வில்சனின் திட்டம் வருவதற்கு முந்திய ஆண்டில், 1859இல், கனடா தன் இறக்குமதித் தீர்வையை உயர்த்தியபோது ஷெபீல்டு நகர வணிகர் மன்றம் இதே போன்றதொரு முறையீட்டை இலண்டனுக்கு அனுப்பியது. கனடிய நிதி அமைச்சர் அலெக்சாண்டர் கால்ட், தம் மக்களுக்கு எவ்வாறு வரி விதிப்பது என்பதைத் தம் சட்டமன்றமே முடிவு செய்யும் என விடையளித்தார். இலண்டன் அடங்கிப்போயிற்று. ஷெபீல்டின் குரல் கனடாவில் செல்லவில்லை. மான்செஸ்டரின் குரல் இந்தியாவில் சென்றது. இரு முறையீடுகளும் ஒரே பொருளாதாரக் கொள்கையைப் பேசின. வேறுபாடு, ஒரு நாட்டில் சட்டமன்றம் குடிகளுக்குப் பொறுப்புடையது, மற்றொன்றில் நிருவாகக் குழுவின் பெரும்பான்மையைக்கூட ஒருவர் புறந்தள்ள முடிந்தது என்பதே.

உப்பின் கணக்கு

தடையற்ற வணிகத்தை ஆதரித்தோரின் வாதங்களுள் ஒன்று வலிமையானது. அதனை எளிதில் தள்ளிவிடல் நேர்மையாகாது. துணி ஏழைக்கும் இன்றியமையாதது; அதன் மீது தீர்வை என்பது ஏழையின் இடுப்பின் மீது வரி. ஆலை முதலாளிகளின் ஆதாயத்துக்காகக் கோடிக்கணக்கான மக்கள் கூடுதல் விலை கொடுப்பது நீதியா என்று ஸ்ட்ராச்சி போன்றோர் கேட்டனர். கேள்வி நேரானது. ஆயின் அதற்கு விடை அவர்களின் வரவுசெலவுத் திட்டத்திலேயே உள்ளது.

சென்னை, பம்பாய் மாகாணங்களில் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த உப்பு வரி, பஞ்சத்தின் நடுவே, 1877-78இல், 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. ஒரு பவுண்டு உப்புக்கு ஏறத்தாழ அரை அணா. வங்காளத்திலும் சென்னையிலும் வரியைச் சமன் செய்வதே நோக்கம் எனப்பட்டது. வங்காளத்தில் சிறிது குறைக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் கூழுக்கு வழியின்றி மக்கள் மடிந்த மாவட்டங்களில் உப்பின் வரி ஏறிய சில மாதங்களுக்குள் லங்காஷயரின் முரட்டுத் துணிக்கு விலக்கு வந்தது. ஏழையின் சுமையைக் குறைப்பதே கருத்தாயின் கை முதலில் உப்பை நோக்கி நீண்டிருக்க வேண்டும். தானியம் விலக்குப் பட்டியலில் இருந்ததே என்பது மற்றொரு மறுமொழியாகலாம். கையில் காசில்லாதவனுக்குத் தீர்வையற்ற தானியமும் எட்டாத தானியமே என்பதைத் தாது வருடம் காட்டியது.

பேரிங் 1882இல் துணித் தீர்வையை நீக்கியபோது உப்பு வரியையும் நாடு முழுவதும் 2 ரூபாயாகக் குறைத்தார்; இதனை மறைத்து எழுதும் வரலாறு ஒருதலைப்பட்சமானது. எனினும் பணமுடை மீண்டும் வந்தபோது எது திரும்பி வந்தது என்பதே அளவுகோல். 1888இல் திரும்பி வந்தது உப்பு வரி. மீண்டும் 2 ரூபாய் 8 அணா. அவ்வாண்டு மண்ணெண்ணெய்க்கும் புதிதாகத் தீர்வை வந்தது. துணி தொடப்படவில்லை. உயர்ந்த உப்பு வரி 1903 வரை நின்றது. ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்டோர் 1878இல் 'தி இந்து'வையும், பின்னர் அவரே 1882இல் 'சுதேசமித்திர'னையும் தொடங்கிய ஆண்டுகள் இவ்விரு விலக்குகளின் ஆண்டுகளாகவே அமைந்தன. இந்திய வரவுசெலவு பற்றி வெல்பி ஆணையத்தின் முன் 1897இல் அவர் சான்றளித்ததையும் இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

1894 முதல் 1896 வரை

1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு சிலிங்காக இருந்த ரூபாய் 1893-94இல் ஒரு சிலிங்கு மூன்று பென்சுக்கும் கீழே இறங்கியது. இலண்டனில் பவுனாகச் செலுத்த வேண்டிய தொகைகள் ரூபாய்க் கணக்கில் வீங்கின. வேறு வழியின்றி 1894 மார்ச்சில் 5 விழுக்காட்டுப் பொதுத் தீர்வை மீண்டும் வந்தது. இறக்குமதியில் முதலிடம் பெற்ற பருத்தித் துணியும் நூலும் மட்டும் விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டன. வருவாய்க்காகவே தீர்வை என்று அறிவித்துவிட்டு மிகுந்த வருவாய் தரும் பண்டத்தை விடுப்பதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுவதில்லை. இந்தியாவில் அலுவலர் முதல் வணிகர் வரை, ஐரோப்பியர் உட்படப் பலரும் எதிர்த்தனர். டிசம்பரில் துணிக்கும் 5 விழுக்காடு விதிக்கப்பட்டது. கூடவே 20ஆம் எண்ணுக்கு மேற்பட்ட இந்திய ஆலை நூலுக்கும் 5 விழுக்காடு கலால் வரி. லங்காஷயர் அதற்கும் இணங்கவில்லை. 1896 பிப்ரவரியில் துணிக்கான தீர்வை 3.5 விழுக்காடாயிற்று, இந்திய ஆலைத் துணி அனைத்துக்கும், முரட்டுத் துணி உட்பட, 3.5 விழுக்காடு கலால். நூலுக்கு முழு விலக்கு. மெல்லிய இறக்குமதித் துணியின் சுமை இறங்கியது. எளியோர் உடுத்திய உள்நாட்டு ஆலைத்துணி முதன்முறையாக வரிக்குள் வந்தது. ஏழையின் இடுப்பைப் பற்றி முன்னர் பேசியோர் இப்போது அதனைப் பேசவில்லை.

இக்கலாலை 'இந்திய முதலாளிகளுக்கு எதிரான வரி' என்று குறிப்பதும் முழுமையன்று. சென்னையில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும், பாபநாசத்தில் ஹார்வி சகோதரரின் ஆலையும் பிரித்தானியருக்கு உரியவை. சட்டம் முதலாளியின் இனத்தைப் பார்க்கவில்லை. ஆலை எந்த மண்ணில் நின்றது என்பதையே பார்த்தது. பிரித்தானியர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் லங்காஷயரின் நலனையும் சென்னை ஐரோப்பிய முதலாளியின் நலனையும் ஒன்றாக அடக்கிவிடும் எழுத்து இங்கே தடுமாறுவது இயல்பு.

கைத்தறி பெற்ற விலக்கு

சென்னை மாகாணத்தின் கைத்தறிக்கு இச்சட்டங்கள் என்ன செய்தன என்பதே தமிழக வரலாற்றுக்கு நெருக்கமான வினா. இங்கு எதிர்பாராத விடை காத்திருக்கிறது. மெல்லிய வேட்டியும் சேலையும் நெய்த நெசவாளர் அந்நாளில் கையால் நூற்ற நூலை நம்பியிருக்கவில்லை. உயர்ந்த எண் நூல் பெரும்பாலும் கப்பலில் வந்தது. ஆகவே இறக்குமதித் துணிக்கு அளிக்கப்பட்ட விலக்கு அவர்களுக்குப் பகையாகவும், இறக்குமதி நூலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு அவர்களுக்குத் துணையாகவும் ஒரே நேரத்தில் இயங்கின. 1894 டிசம்பர் முதல் ஓராண்டுக்குச் சற்று மிகுந்த காலம் மெல்லிய நூல், அயலதாயினும் உள்நாட்டதாயினும், 5 விழுக்காடு செலுத்தியது. இலங்கியது லங்காஷயர்–பம்பாய் வழக்கு. இடையில் செலவு ஏறியது ஆரணியிலும் மதுரையிலும் இருந்த நெசவாளனுக்கு. 1896இல் நூல் விடுபட்டது. ஆலைத்துணி மட்டும் கலால் செலுத்த, கைத்தறித் துணி அதிலிருந்து விலக்குப் பெற்றது. சிறிதாயினும் அது கைத்தறிக்கு ஒரு விலை அனுகூலம்.

ஆயினும் இதனை அருளெனக் கொள்ளுதல் குலோத்துங்கன் காலத்துச் சொற்பொருளை இங்கு ஏற்றுவதாகும். ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்த தறிகளில் கலால் தண்டுவது இயலாத செயல்; அத்தறிகளுக்கு நூல் விற்றோருள் லங்காஷயர் ஆலைக்காரரும் உண்டு. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாமல் நூல் விலக்கைக் கைத்தறி நலத்திட்டமாக எழுதுவது பொருந்தாது. நூலை விலைக்கு வாங்கி வாழ்ந்தவனுக்கு நன்மை தந்த அதே திறந்த வாயில், நூற்று விற்று வாழ்ந்த பெண்களுக்கு அத்தகைய நன்மை எதையும் தரவில்லை. சாயத்தொழிலிலும் இதுவே நிகழ்ந்தது. 1869ஐ ஒட்டி ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கப்பட்ட அலிசரின் சாயம் 1882க்குப் பின் தீர்வையின்றி இறங்கியது. சோழமண்டலக் கரையின் சிவப்புக்குப் பெயர் தந்த சாயவேரைத் தோண்டிப் பிழைத்தோர் தொழிலிழந்தனர். சாயமிட்டவருக்கோ வேலை எளிதாயிற்று. ஒரே விலக்கு ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஆதாயமாகவும் மறுவீட்டுக்கு இழப்பாகவும் அமையக்கூடும் என்பதால், 'நெசவுத்தொழில் அழிந்தது' அல்லது 'நெசவுத்தொழில் தப்பியது' என்னும் இரு முடிவுகளும் எந்த ஊர், எந்த எண் நூல், எந்த ஆண்டு எனக் குறிப்பிடாதவரை ஆய்வு முடிவுகளாகா.

இதற்கான மூலங்கள் தமிழாய்வாளருக்கு எட்டாதவை அல்ல. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் தனிவருவாய்ப் பிரிவுக் கோப்புகளில் உப்பு, கலால், கடற்சுங்கம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நெசவு வரலாறு எழுதுவோர் சுங்கக் கோப்பை மட்டும் விரித்து, உப்புக் கோப்பை வேறொருவரின் ஆய்வுக்குரியதென்று விட்டுவிடுகின்றனர். கலால் 1925 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டு மறு ஆண்டு நீக்கப்பட்டது. அதுவரையிலான முப்பது ஆண்டுகளில் 3.5 விழுக்காட்டு அனுகூலம் சேலத்திலும் மதுரையிலும் தறியில் அமர்ந்தவனின் கூலிக்கு எட்டியதா, நூல் கடனாகக் கொடுத்துத் துணியைப் பெற்றுக்கொண்ட வணிகனிடமே தங்கிவிட்டதா என்பது இன்னும் ஊர்வாரியாக எழுதப்பட வேண்டியுள்ளது.